தடுப்பூசி எதைத் தடுக்கிறது? ‘வேக்சின்’: ஒரு சொல் விளக்கம்

“இரண்டு ஊசியும் போட்டாயிற்று, பிறகும் எப்படித் தொற்று வந்தது?” கொரோனாவின் ஒமைக்ரான் அலை வீசிய 2021 இறுதியிலும் 2022 தொடக்கத்திலும் இந்தக் கேள்வி வீட்டுக்கு வீடு எழுந்தது. கேட்டவர்களைக் குறை சொல்ல முடியாது. தடுப்பூசி என்று பெயர் வைத்திருக்கிறோம். அதைப் போட்டுக்கொண்டவருக்கே காய்ச்சல் வந்தால் ஐயம் எழத்தான் செய்யும். அந்த ஐயம் வலுத்து, அடுத்த தவணையே வேண்டாம் என்று ஒதுங்கியவர்களும் உண்டு. ஒரு சொல்லைத் தவறாகப் புரிந்துகொள்வதால் உடல்நலத்துக்கே கேடு வரக்கூடும் என்னும்போது, அந்தச் சொல்லைப் பிரித்துப் பார்ப்பது அவசியமாகிறது.

முதலில் மூலச்சொல்லான ‘வேக்சின்’. லத்தீனில் ‘வாக்கா’ என்றால் பசு. ‘வாக்சினஸ்’ என்றால் பசுவுக்கு உரியது. ஆங்கிலேய மருத்துவர் எட்வர்ட் ஜென்னர் 1798-இல் வெளியிட்ட ஆய்வு நூலில் பசு அம்மையை ‘வேரியோலே வாக்சினே’, அதாவது பசுவின் அம்மை என்று லத்தீனில் குறித்தார். அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1796 மே 14 அன்று, பால் கறக்கும் பெண்ணான சாரா நெல்ம்ஸின் கையில் இருந்த பசு அம்மைக் கொப்புளத்து நீரை எடுத்து, ஜேம்ஸ் ஃபிப்ஸ் என்ற எட்டு வயதுச் சிறுவனின் கையில் கீறி ஏற்றியிருந்தார். ஜூலையில் அதே சிறுவனுக்குப் பெரியம்மைக் கொப்புளத்து நீரையும் ஏற்றினார், பெரியம்மை வரவில்லை. இன்றைய மருத்துவ அறம் இப்படியொரு சோதனையை ஒருபோதும் அனுமதிக்காது. அந்தச் சிறுவனின் பெயரையும் ஜென்னரின் பெயரோடு சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம்.

‘வேக்சினேஷன்’ என்ற சொல்லை 1800-இல் உருவாக்கியவர் ஜென்னரின் நண்பரான அறுவை மருத்துவர் ரிச்சர்ட் டன்னிங். அப்போது அதற்கு ஒரே பொருள்தான்: பசு அம்மையை மனிதருக்கு ஏற்றுதல். அதற்கு முன்பு வழக்கில் இருந்தது ‘இனாகுலேஷன்’. பெரியம்மையின் சீழையே சிறிதளவு எடுத்து, நலமாக இருப்பவரின் தோலில் கீறி ஏற்றும் பழைய முறைக்கு அந்தப் பெயர் வழங்கியது. சீனா, இந்தியா, துருக்கி, ஆப்பிரிக்கா எனப் பல நிலங்களில் அந்த முறை நெடுங்காலமாக இருந்தது. துருக்கியில் அதைக் கண்ட மேரி வொர்ட்லி மான்டேகு என்ற ஆங்கிலேயப் பெருமாட்டி, 1721-இல் லண்டனில் தம் மகளுக்கு அதைச் செய்வித்தார். ‘இனாகுலேஷன்’ தோட்டக்கலையிலிருந்து வந்த சொல். ஒரு செடியின் மொட்டை வேறொரு செடியில் பதித்து வளர்க்கும் ஒட்டுமுறையை லத்தீன் அப்படி அழைத்தது. அதற்குள் ‘கண்’ என்று பொருள்படும் ‘ஒகுலுஸ்’ இருக்கிறது. கரும்புக் கரணையில் முளைவிடும் இடத்தை நாமும் கண் என்றுதான் சொல்கிறோம்.

பசுவுக்கும் இந்தச் சொல்லுக்கும் இருந்த தொடர்பை அறுத்தவர் பிரெஞ்சு அறிவியலர் லூயி பாஸ்டர். கோழிக் காலராவுக்கும் ஆந்த்ராக்ஸுக்கும் வலுவிழந்த கிருமிகளைக் கொண்டு காப்பு மருந்து உருவாக்கிய அவர், 1881-இல் லண்டனில் நடந்த பன்னாட்டு மருத்துவ மாநாட்டில் பேசியபோது, ஜென்னருக்குச் செய்யும் மரியாதையாக இத்தகைய மருந்துகள் எல்லாவற்றையும் ‘வேக்சின்’ என்றே அழைக்கலாம் என்றார். அன்றிலிருந்து இந்தப் பெயர் பொதுப்பெயர் ஆனது. பெயரில் பசு இருந்தாலும், பெரியம்மையை ஒழித்த தடுப்பு மருந்தில் இருந்த வாக்சினியா வைரஸின் மரபணுவை ஆராய்ந்தவர்கள், அது பசு அம்மையைவிடக் குதிரை அம்மைக்கு நெருக்கமானது என்று கண்டிருக்கிறார்கள். குதிரையிடமிருந்தே இந்த நோய் பசுவுக்கு வருகிறது என்று ஜென்னரும் கருதியிருந்தார்.

தமிழுக்கு வருவோம். நம்மவர்கள் இதற்கு முதலில் வைத்த பெயர் ‘அம்மை குத்துதல்’. உள்ளே ஏற்றப்படும் பொருளுக்கு ‘அம்மைப்பால்’ என்று பெயர். பால் என்பது கொப்புளத்திலிருந்து எடுத்த நீரைக் குறித்தது. எருக்கிலும் கள்ளியிலும் வடிவதைப் பால் என்று சொல்வதில்லையா, அந்த வழக்கு. எனக்கு இந்த இரண்டு சொற்களின் மீதும் மிகுந்த மதிப்பு உண்டு. பெயர் வைத்தவர்கள் லத்தீன் பசுவைத் தேடிப் போகவில்லை. கண்ணெதிரே நடந்ததைப் பார்த்துப் பெயர் வைத்தார்கள். கூர்மையான கருவியால் குத்தினார்கள், ஆகவே குத்துதல். அம்மையிலிருந்து எடுத்தார்கள், ஆகவே அம்மைப்பால். பிற்காலத்தில் பெரியம்மை ஒழிப்புக்குப் பயன்பட்ட கருவியும் இருமுனை ஊசிதான். அதைத் தோலில் பலமுறை குத்தி எடுப்பார்கள். தழும்பு ஆயுளுக்கும் நிற்கும். 1980 மே மாதத்தில் பெரியம்மை உலகை விட்டு ஒழிந்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. நோயோடு சேர்ந்து ‘அம்மை குத்துதல்’ என்ற சொல்லும் வழக்கிலிருந்து மெல்ல விலகியது.

அதன் இடத்தில் நிலைத்த சொல் தடுப்பூசி. தடுப்பு, ஊசி என்ற இரண்டு சொற்களின் சேர்க்கை. வருமொழியின் முதலில் உயிர் வந்ததால் ‘தடுப்பு’ என்பதன் இறுதி உகரம் கெட்டு, தடுப்பூசி ஆனது. ‘தடுப்புக்கு ஊசி’ என்று விரித்தால் நான்காம் வேற்றுமைத் தொகை. ஊசி சங்க காலத்துச் சொல். கட்டில் பின்னுபவரின் கையில் விரைந்து ஓடும் ஊசியைப் புறநானூற்றில் காணலாம்.

இந்தச் சொல்லின் மீது இரண்டு குறைகள் சொல்லப்படுகின்றன. ஊசி என்பது கருவிதானே, மருந்துக்கு அதைப் பெயராக வைக்கலாமா என்பது முதல் குறை. போலியோவுக்குச் சொட்டு மருந்து வாய்வழி கொடுக்கப்படுகிறது. ரோட்டா வைரஸுக்கும் அப்படியே. கொரோனாவுக்கே மூக்கில் விடும் மருந்தும், ஊசியே இல்லாமல் அழுத்தத்தால் தோலுக்குள் செலுத்தும் மருந்தும் இந்தியாவில் அனுமதி பெற்றன. அப்படியிருக்க, ஊசி என்ற சொல் பொருந்துமா?

இலக்கணம் இதற்கு விடை வைத்திருக்கிறது. ‘மருத்துவர் ஊசி போட்டார்’ என்னும்போது உலோகக் கம்பியையா நினைக்கிறோம்? அதன் வழியாக உள்ளே போகும் மருந்தையே நினைக்கிறோம். கருவியின் பெயர் அதனால் ஆகும் பொருளுக்கு வந்திருக்கிறது, கருவியாகுபெயர். ஆகவே ஊசியால் செலுத்தப்படும் மருந்தைத் தடுப்பூசி என்பதில் பிழை ஏதும் இல்லை. வாயிலும் மூக்கிலும் விடப்படுவதை அப்படி அழைப்பதுதான் இடறுகிறது. அதற்குத் ‘தடுப்பு மருந்து’ என்ற பொதுச்சொல் இருக்கிறது. ‘மூக்குவழித் தடுப்பூசி’ என்று எழுதுவதைவிட ‘மூக்குவழித் தடுப்பு மருந்து’ என்று எழுதினால் படிப்பவர் குழம்பமாட்டார்.

இரண்டாவது குறைதான் கனமானது. தடுப்பு என்கிறோமே, எதைத் தடுப்பது? கிருமி உடலுக்குள் நுழைவதையா, நுழைந்த கிருமி நோயாக மாறுவதையா, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவுவதையா? மூன்றும் வேறு வேறு. தமிழில் தொற்று என்றும் நோய் என்றும் தனித்தனிச் சொற்கள் இருந்தும், பேச்சில் இரண்டையும் ஒன்றாகவே கலந்துவிடுகிறோம். கிருமி உடலில் புகுந்து பெருகுவது தொற்று. அதனால் உடல் நலிவது நோய். தொற்று இருந்தும் நோய் இல்லாமல் இருக்க முடியும்.

தடுப்பு மருந்து செய்யும் வேலை உடலுக்குப் பயிற்சி கொடுப்பது. கிருமியின் ஓர் அடையாளத்தை, கொரோனா வைரஸைப் பொறுத்தவரை அதன் மேற்பரப்பில் துருத்தி நிற்கும் கூர்ப்புரதத்தை, உடலின் எதிர்ப்பு அணுக்களுக்கு முன்கூட்டியே அறிமுகம் செய்துவைக்கிறது. எம்ஆர்என்ஏ வகை மருந்துகள் அந்தப் புரதத்தைச் செய்வதற்கான குறிப்பை மட்டும் அனுப்பி, நம் செல்களையே செய்ய வைக்கின்றன. வேறு சில வகைகள் செயலிழக்கச் செய்த முழு வைரஸையே காட்டுகின்றன. அதைப் பார்த்து உடல் கிருமியைப் பிடிக்கும் எதிர்ப்பொருள்களை (ஆன்டிபாடி) உருவாக்குகிறது, அந்த அடையாளத்தை நினைவில் வைத்திருக்கும் நினைவணுக்களையும் சேர்த்துவைக்கிறது. மூக்கிலும் தொண்டையிலும் வைரஸை வாசலிலேயே மடக்க எதிர்ப்பொருள் போதிய அளவில் இருக்க வேண்டும். அது சில மாதங்களில் குறைகிறது. நினைவணுக்கள் நீண்ட காலம் இருக்கும். ஆனால் அவை விழித்தெழுந்து வேலையைத் தொடங்கச் சில நாள்கள் பிடிக்கும். அதற்குள் வைரஸ் மூக்கில் பெருகிவிடலாம், சளியும் காய்ச்சலும் வரலாம். நுரையீரல் வரை சென்று உயிருக்கு ஆபத்தாகும் கட்டத்தைத்தான் அவை பெரும்பாலும் மறிக்கின்றன. ஒமைக்ரானின் கூர்ப்புரதத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட மாற்றங்கள் இருந்ததால், பழைய எதிர்ப்பொருள்கள் அதைப் பிடிக்கத் தடுமாறின. தொற்று கூடியது. ஆனாலும் ஊசி போட்டவர்களுக்குக் கடுமையான நோய்க்கு எதிரான காப்பு பெருமளவு நிலைத்தது.

ஆகவே தடுப்பூசியில் இருக்கும் தடுப்பு, முதன்மையாக நோயைத் தடுப்பது. இதற்கு வெறிநாய்க்கடி ஊசியைவிடத் தெளிவான சான்று கிடையாது. 1885 ஜூலையில் வெறிநாய் கடித்த ஜோசப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனுக்குப் பாஸ்டர் தம் மருந்தைச் செலுத்தச் செய்தபோது, கடி ஏற்கெனவே நிகழ்ந்துவிட்டது. கிருமியின் நுழைவைத் தடுக்கும் பேச்சுக்கே அங்கு இடமில்லை. அது நரம்பு வழியே மூளையை எட்டுவதற்குள் உடலைத் தயார் செய்வதே நோக்கம். இன்றும் கடிபட்ட பிறகு அந்த ஊசியைப் போடுகிறோம். யாரும் அதைத் தடுப்பூசி அல்ல என்று சொல்வதில்லை.

பரிசோதனை பற்றிய ஒரு குழப்பமும் இங்கேதான் பிறக்கிறது. ஊசி போட்டதால் ஆர்டி-பிசிஆர் பரிசோதனையில் ‘பாசிட்டிவ்’ வந்துவிட்டது என்று சிலர் நினைத்தார்கள். அப்படி நேராது. மூக்கிலும் தொண்டையிலும் எடுத்த மாதிரியில் வைரஸின் மரபுப்பொருளைத் தேடும் பரிசோதனை அது. பாசிட்டிவ் என்றால் தேடியது கிடைத்தது என்று பொருள். நாளிதழ்கள் ‘தொற்று உறுதி’ என்று எழுதியது நல்ல தமிழாக்கம். இரத்தத்தில் எதிர்ப்பொருளைத் தேடும் பரிசோதனை வேறு. அதில்தான் தடுப்பூசியின் தடயம் தெரியக்கூடும். முகக்கவசத்தின் பணியும் வேறு: அது வைரஸ் காற்றின் வழியே வெளியேறுவதையும் உள்ளே போவதையும் குறைக்கிறது, அதாவது தொற்றின் வாய்ப்பையே குறைக்கிறது. ஊசி போட்டவர்களையும் அலையின்போது முகக்கவசம் அணியச் சொன்னதற்குக் காரணம் இதுதான். இரண்டும் ஒரே வேலையைச் செய்பவை என்று நினைத்தவர்களுக்கு அந்த அறிவுரை முரணாகத் தெரிந்தது.

‘95 சதவீதச் செயல்திறன்’ என்ற தொடரும் இப்படித்தான் திரிந்தது. ஊசி போட்ட நூறு பேரில் ஐந்து பேருக்கு நோய் வரும் என்று பலர் புரிந்துகொண்டார்கள். 2020-இல் ஃபைசர் நிறுவனத்தின் ஆய்வில் ஏறக்குறைய 43,000 பேர் பங்கேற்றார்கள். நோய்க்குறியோடு தொற்று உறுதியானவர்கள் 170 பேர். அவர்களில் 162 பேர் மருந்தில்லாத வெற்று ஊசி போட்டவர்கள். 8 பேர் மட்டுமே மருந்து பெற்றவர்கள். இரு குழுக்களும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கை கொண்டவை. அந்த இரண்டையும் ஒப்பிட்டுப் பெற்றதே 95 சதவீதம். அது நோய்க்குறியோடு கூடிய நோய்க்கு எதிரான கணக்கு. தொற்றே வராது என்ற வாக்குறுதி அதில் இல்லை.

‘இம்யூனிட்டி’ என்ற சொல்லை இதனோடு வைத்துப் பார்த்தால் தமிழின் வலிமை தெரியும். அதன் லத்தீன் வேர் வரி, பொதுக் கடமை ஆகியவற்றிலிருந்து விலக்குப் பெற்றவரைக் குறித்தது. விலக்கு என்றால் முழு விலக்கு. நோய் அண்டவே அண்டாது என்ற தொனி அதில் ஒட்டியிருக்கிறது. நாம் சொல்லும் ‘நோய் எதிர்ப்பாற்றல்’ அப்படி ஒன்றையும் கூறவில்லை. எதிர்ப்பு இருக்கிறது, அதற்கு ஓர் ஆற்றல் இருக்கிறது. ஆற்றல் கூடும், குறையும். உடலில் நடப்பதற்கு மூலத்தைவிட நம் சொல் நெருக்கமாக இருக்கிறது.

எழுதும்போது நான் கடைப்பிடிக்கும் முறை இது. வேக்சின் என்ற பொருளைப் பொதுவாகச் சொல்லத் தடுப்பு மருந்து. ஊசியால் செலுத்துவதென்றால் தடுப்பூசி. செயலுக்குத் தடுப்பூசி போடுதல், செலுத்துதல். இலங்கையில் ஏற்றுதல் என்கிறார்கள், அதுவும் அழகான வழக்கு. ‘அம்மைப்பால்’, ‘அம்மை குத்துதல்’ இரண்டையும் பெரியம்மை வரலாற்றை எழுதும் இடங்களில் அப்படியே ஆளலாம். வேக்சினை வாக்சீன், வாக்ஸின் என்றெல்லாம் விதவிதமாக ஒலிபெயர்த்து எழுத வேண்டிய தேவையே இல்லை.

டோஸுக்கு மட்டும் ஒரு சொல் போதாது. அது கிரேக்கத்தில் ‘கொடுத்தல்’ என்ற பொருளிலிருந்து வந்தது. இன்று ஒருமுறை கொடுக்கும் அளவையும் குறிக்கிறது, எத்தனையாவது முறை என்பதையும் குறிக்கிறது. அளவென்றால் அளவு என்றே எழுதிவிடலாம். முறையென்றால் தவணை. பெருந்தொற்றுக் காலத்தில் நாளிதழ்கள் எடுத்தாண்ட சொற்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். முதல் தவணை என்று கேட்டதுமே அடுத்தது ஒன்று பாக்கி இருக்கிறது என்பது விளங்கிவிடுகிறது. பூஸ்டரையும் ‘ஊக்கத் தவணை’ என்றால் போதும்: குறைந்துபோன எதிர்ப்பாற்றலை மீண்டும் ஊக்கப் போடுவது, முன்பு போட்டது வீணாகிவிட்டதால் போடுவதன்று.