கமா: வெட்டின துண்டா, கால் புள்ளியா?

கமான்னா என்னன்னு யாரைக் கேட்டாலும் மூச்சு விடுற இடத்துல போடுறதுன்னுதான் சொல்லுவாங்க. தமிழுக்கு இது கிட்டத்தட்ட சரிதான். இங்கிலீஷுக்கு பாதிதான் சரி, மீதி பாதியிலதான் நாம எல்லாரும் வழுக்கி விழுறோம்.

மொதல்ல பேரு எங்க இருந்து வந்துச்சுன்னு பாப்போம். கிரேக்கத்துல கொப்டெய்ன்னா வெட்டுறது, அதுல இருந்து வந்த கொம்மான்னா வெட்டின துண்டு. அதாவது ஆரம்பத்துல இது குறியோட பேரே இல்ல, வாக்கியத்துக்குள்ள இருக்கிற குட்டித் துண்டோட பேரு. அதவிடப் பெரிய துண்டு கோலன், கை கால் மாதிரி ஒரு உறுப்புன்னு அர்த்தம். முழுசா முடிஞ்சா பெரியோடொஸ், அமெரிக்காக்காரங்க ஃபுல் ஸ்டாப்ப பீரியட்னு சொல்றது இதுல இருந்துதான். கி.மு. 200 வாக்குல அலெக்சாண்ட்ரியா நூலகத்துல தலைமை நூலகரா இருந்தவர் பைசாண்டியம் ஊர்க்காரர் அரிஸ்டோபனீஸ் (நாடகம் எழுதினவர் வேற ஆளு). அப்பல்லாம் வார்த்தைக்கு நடுவுல இடமே விடாம எழுதுவாங்க, வாசிக்கிறவனுக்கு எங்க நிறுத்தணும்னு தெரியணுமேன்னு மேல, நடுவுல, கீழன்னு உயரத்த மாத்தி மாத்தி புள்ளி வைக்கிற முறைய இவர்தான் கொண்டு வந்தார்னு சொல்லுவாங்க. காலப்போக்குல துண்டோட பேரு குறிக்கே ஒட்டிக்கிச்சு. இன்னைக்கு நாம போடுற வாலு வச்ச உருவம் ரொம்பப் பின்னாடி வந்தது, 1490கள்ல வெனிஸ்ல ஆல்டஸ் மனூட்டியஸ் அச்சடிச்ச புத்தகங்கள்ல இருந்து பரவினது, அதுக்கு முன்னாடி சும்மா ஒரு சாய்வுக் கோடுதான்.

நினைவு தப்பிப் படுக்கிற கோமாவுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. அது ஆழ்ந்த தூக்கம்ங்கிற வேற கிரேக்கச் சொல்.

தமிழ்ல காற்புள்ளி. கால் + புள்ளி, ல் வந்து ற் ஆயிடுச்சு. புள்ளிக்கு கீழ கால் மாதிரி நீட்டிக்கிட்டு இருக்கிறதால இந்தப் பேருன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, பாக்கவும் அப்படித்தான் இருக்கு, ஆனா இது கால் அரை முக்கால்ல வர்ற கால். பக்கத்துல இருக்கிற அரைப்புள்ளி, முக்காற்புள்ளி, முற்றுப்புள்ளின்னு வரிசையா வச்சுப் பாத்தாலே புரிஞ்சிடும். காற்புள்ளிக்கு ஒரு மாத்திரை, அரைக்கு ரெண்டு, முக்காலுக்கு மூணு, முற்றுக்கு நாலுன்னு ஒரு கணக்கும் சொல்லிக் கொடுப்பாங்க. ஓலைச்சுவடியில இதெல்லாம் கிடையாது, மெய்யெழுத்துக்கு வைக்கிற புள்ளியவே பெரும்பாலும் விட்டுடுவாங்க, செய்யுளுக்கு யாப்பே நிறுத்தம் காட்டிடும். அச்சு வந்து உரைநடை பெருகினப்பதான் தேவைப்பட்டுச்சு, 19ஆம் நூற்றாண்டுல யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் தன் உரைநடையில இந்தக் குறிகள நல்லா பயன்படுத்தினார்.

இப்ப விஷயத்துக்கு வருவோம். தமிழ்ப் பேரு நேரத்த அளக்குது, கிரேக்கப் பேரு துண்டக் காட்டுது. இங்கிலீஷ்லயும் பழைய காலத்துல வாசிக்கிற நிறுத்தத்துக்குத்தான் போட்டாங்க, ஆனா இன்னைக்கு அது இலக்கணத்துக்குப் போயிடுச்சு, எந்தத் துண்டு எங்க முடியுதுங்கிறதுதான் கணக்கு. நாம காற்புள்ளி மனசோட இங்கிலீஷ் எழுதுறோம். நீளமான எழுவாய் முடிஞ்சதும் மூச்சு வாங்குதுன்னு ஒரு கமா போட்டுட்டு அப்புறம் வெர்ப் எழுதுவோம், அங்க போடவே கூடாது.

துண்டத் தெரிஞ்சுக்கணும்னா சொல்வகை தெரியணும், அதான் பார்ட்ஸ் ஆஃப் ஸ்பீச். கிரேக்கத்துல டயோனிசியஸ் த்ராக்ஸ் பேர்ல வர்ற இலக்கணம் எட்டு வகை சொல்லுது. லத்தீன்ல ஆர்ட்டிகிள் (இங்கிலீஷ்ல ஏ, தி மாதிரி) கிடையாது, அதனால ரோமானியர்கள் அத எடுத்துட்டு ஐயோ, ஆகா மாதிரியான இன்டர்ஜெக்‌ஷனச் சேத்து எட்டையே காப்பாத்திட்டாங்க! நம்ம தொல்காப்பியத்துல பெயர், வினை, இடை, உரின்னு நாலுதான். பட், ஹவெவர் ரெண்டுக்கும் நாம ஆனால்னுதான் அர்த்தம் படிச்சிருக்கோம், ஆனா பட் கன்ஜங்ஷன், ரெண்டு முழு வாக்கியத்த ஒரு கமாவோட ஒட்டும். ஹவெவர் அட்வெர்ப், அதுக்கு ஒட்டுற வேலை தெரியாது, முன்னாடி செமிகோலனோ (அரைப்புள்ளி) ஃபுல் ஸ்டாப்போ வேணும். கமா மட்டும் போட்டா அது தப்பு, கமா ஸ்ப்ளைஸ்னு பேரு. வந்து, பாத்து, போயின்னு வினையெச்சத்துல கோத்துக்கிட்டே போற நமக்கு (இந்தப் பதிவையே பாருங்க) இந்தத் தப்பு வரலைன்னாதான் அதிசயம்.

இதெல்லாம் கோர்ட் வரைக்கும் போன கதை ஒண்ணு இருக்கு. அமெரிக்காவுல மெய்ன் மாநிலத்துல ஓக்ஹர்ஸ்ட் டெய்ரிங்கிற பால் கம்பெனி, அதோட டிரைவர்கள் ஓவர்டைம் காசு கேட்டாங்க. எந்தெந்த வேலைக்கு ஓவர்டைம் கிடையாதுன்னு சட்டத்துல ஒரு பட்டியல் இருக்கு, கேனிங், ப்ராசஸிங், ஸ்டோரிங்னு போய் கடைசியில "பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிபியூஷன்"னு முடியுது. ஷிப்மென்ட்டுக்கு அப்புறம் கமா இல்ல. அப்ப டிஸ்ட்ரிபியூஷன் தனி வேலையா, இல்ல அதுக்காகப் பேக் பண்றது மட்டுமா? கம்பெனி தனி வேலைன்னுச்சு (அப்படின்னா பால கொண்டு போய்க் கொடுக்கிற டிரைவர்களுக்கு ஓவர்டைம் கிடையாது), இந்த மாநிலத்துல சட்டம் எழுதுற கையேடே கடைசி கமா வேணாம்னு சொல்லுதேன்னும் காட்டுச்சு. டிரைவர்கள் தரப்பு சொல்வகையப் பிடிச்சாங்க, பட்டியல்ல வேலைகள் எல்லாம் இங்-ல முடியுற ஜெரண்ட் (வினையில இருந்து வந்த பெயர்), டிஸ்ட்ரிபியூஷன் மட்டும் ஷிப்மென்ட் மாதிரி சாதா நவுன், அதனால அது ஷிப்மென்ட்டோட ஜோடின்னாங்க. 2017 மார்ச்ல அப்பீல் கோர்ட் ரெண்டு விதமாவும் படிக்கலாம், குழப்பம் இருந்தா தொழிலாளிக்குச் சாதகமாத்தான் எடுக்கணும்னு சொல்லிடுச்சு. 2018ல கம்பெனி 50 லட்சம் டாலர் கொடுத்து சமரசமாச்சு. சட்டத்தையும் திருத்தினாங்க, கமாவெல்லாம் செமிகோலன் ஆச்சு, டிஸ்ட்ரிபியூஷன் டிஸ்ட்ரிபியூட்டிங் ஆச்சு.