ஏழு விழுந்தால் மார்பு, பன்னிரண்டு விழுந்தால் தலை

ராட்சத ரோபோக்கள் மோதும் பலகை விளையாட்டு என்றாலே பலர் முதலில் சொல்லும் பெயர் 'பேட்டில்டெக்'. 1984-இல் அமெரிக்காவின் ஃபாசா நிறுவனம் இதை முதலில் 'பேட்டில்ட்ராய்ட்ஸ்' என்ற பெயரில் வெளியிட்டது. அதில் குண்டு எதிரியின் மேல் பட்டுவிட்டால், எங்கே பட்டது என்று அறிய இரண்டு பகடைகளை உருட்ட வேண்டும். முன்னாலிருந்து சுட்டிருந்தால், 7 விழுந்தால் நடு மார்பு, 12 விழுந்தால் தலை. மொத்தம் 36 சேர்க்கைகளில் 7 வர ஆறு வழி, 12 வர ஒரே வழி. அதனால் மார்புக் கவசம் தேய்ந்துகொண்டே போகும். தலையில் அடி எப்போதாவதுதான். விழுந்தால் மேசையே எழுந்து நின்று கத்தும்.

இன்று தனி ஆளாக இப்படி ஒன்றைச் செய்யக் கிளம்புகிறவர்களில் பலர் அட்டையையும் கத்தரிக்கோலையும் தொடும் முன்பே 'டேபிள்டாப் சிமுலேட்டர்' மாதிரியான, கணினியில் ஓடும் மெய்நிகர் மேசைக்குப் போய்விடுகிறார்கள். அதற்கு விதி எதுவும் தெரியாது, இயற்பியல்தான் தெரியும். பகடை உருளும், அட்டை கவிழும், கோபம் வந்தால் மேசையையே புரட்டிவிடலாம். உங்கள் ரோபோ ஆறு கட்டம் போகலாமா, ஏழு போகலாமா என்றெல்லாம் கேட்காது. விதிகள் அரைவேக்காடாக இருக்கும் காலத்தில் இது பெரிய வசதி. ஆயுத அட்டைகளைப் பத்துப் பத்தி, ஏழு வரிசை கொண்ட ஒரே படமாக ஏற்றினால் அட்டைக்கட்டாகப் பிரிந்துவிடும். லேசரின் வெப்பத்தை 3-இலிருந்து 4 ஆக்க வேண்டுமா? படத்தைத் திருத்தி மறுபடி ஏற்றினால் தீர்ந்தது.

வெப்பம் என்றேனே, இந்த வகை விளையாட்டின் உயிரே அதுதான். பேட்டில்டெக்கில் ஓடினாலும் சுட்டாலும் ரோபோ சூடாகும்: ஓடினால் 2, துகள் பீரங்கிக்கு 10, இரண்டு நடுத்தர லேசர்களுக்கு 6, ஆக 18. குளிர்விப்பான்கள் 10-ஐ எடுத்துவிடும். மிச்சம் 8. வெப்பம் 8-ஐத் தொட்டால் குறி வைப்பது ஒரு புள்ளி கடினமாகும். ஒரு புள்ளிதானே என்று நினைக்க வேண்டாம். குண்டு படுவதற்கு இரண்டு பகடையில் 7 அல்லது அதற்கு மேல் தேவைப்பட்டவருக்கு இப்போது 8 வேண்டும்: வாய்ப்பு 58 சதவீதத்திலிருந்து 42-க்கு விழுகிறது. 11 தேவைப்பட்டவருக்கோ 8 சதவீதம் 3 ஆகிறது. ஒரே தண்டனை, நடுவில் பதினாறு சதவீதப் புள்ளி, ஓரத்தில் வெறும் ஐந்து. புதிதாக எண்களை அமைப்பவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான்.

சரி, இந்தக் கூட்டல் கழித்தலை மேசையிடமே விட்டுவிடலாமே? விடலாம். லுவா என்ற நிரல் மொழியில் சில வரி எழுதி ஒரு பொத்தான் வைத்தால் வெப்பக் கணக்கு கண்ணிமைக்கும் நேரத்தில் முடியும். அறுகோணக் கட்டங்களின் தூரத்தையும் அளந்துவிடும்: கட்டத்துக்கு மூன்று எண்கள், கூட்டினால் பூஜ்யம், இரண்டு கட்டங்களின் எண்களுக்கிடையே உள்ள வித்தியாசங்களில் பெரியது எதுவோ அதுதான் தூரம். ஆனால், என்னைக் கேட்டால், தூரத்துக்கு மட்டும் பொத்தான் வையுங்கள், வெப்பத்துக்கு வேண்டாம். நாளைக்கு அச்சான பெட்டியை வாங்குகிறவரிடம் அந்தப் பொத்தான் இருக்காது. அவர் ஒவ்வொரு சுற்றிலும் நான்கு ரோபோக்களுக்குக் கையால் கூட்ட வேண்டும். சோதனை ஆட்டத்திலும் அப்படியே கூட்டச் சொல்லிவிட்டுப் பேசாமல் உட்கார்ந்து பாருங்கள். மூன்றாவது சுற்றிலோ நான்காவதிலோ யாராவது, "எனக்கு இப்போ எட்டா, ஒன்பதா?" என்று கேட்பார். அன்று இரவே சுருக்க வேண்டிய விதி அது.