தூரத்திலிருந்து பார்த்தால் கருந்துளையும் ஒரு புள்ளிதான்

கேரம் பலகையில் ஸ்ட்ரைக்கரைச் சுண்டுகிறோம். காயின் நட்டநடுவில் பட்டால் காய் நேராக ஓடும். ஒரு நூல் விலகிப் பட்டாலும் சாய்ந்து வேறு மூலைக்குப் போய்விடும். எவ்வளவு விலகிப் பட்டது என்பதையும் எந்தக் கோணத்தில் போனது என்பதையும் பழகிய கை கணக்குப் போடாமலே அறியும். இப்போது பலகையின் நடுப்பகுதியைத் துணியால் மூடிவிட்டு, ஸ்ட்ரைக்கரை உள்ளே விட்டுக்கொண்டே இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எந்தெந்தக் கோணத்தில் எத்தனை முறை வெளியே வருகிறது என்று எண்ணிக் குறித்தால், துணிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிட முடியும். இயற்பியலில் இதற்குச் சிதறல் என்று பெயர்.

1909-இல் மான்செஸ்டரில், ரூதர்ஃபோர்டின் ஆய்வகத்தில், கைகரும் மார்ஸ்டனும் இதைத்தான் செய்தார்கள். மெல்லிய உலோகத் தகட்டின் மேல், கதிரியக்கப் பொருளிலிருந்து வெளிப்படும் ஆல்ஃபா துகள்களை விட்டு, இருட்டறையில் உட்கார்ந்து, திரையில் தோன்றும் மினுக்கல்களை நுண்ணோக்கி வழியே ஒவ்வொன்றாக எண்ணினார்கள். பெரும்பாலான துகள்கள் நேராகப் போயின. ஆனால் ஏறத்தாழ 8,000-இல் ஒன்று திரும்பி வந்தது. அந்த ஒன்றை வைத்துத்தான் அணுவுக்குள் அணுக்கரு இருக்கிறது என்று 1911-இல் ரூதர்ஃபோர்டு எழுதினார். அணுக்கருவை யாரும் கண்ணால் பார்க்கவில்லை. கோணங்கள் சொன்னதை நம்பினார்கள்.

குவாண்டம் இயற்பியலில் இந்தக் கோணக் கணக்கின் மையத்தில் சிதறல் வீச்சு என்றொரு எண் இருக்கிறது. அதை வர்க்கப்படுத்தினால், எந்தத் திசையில் துகள் வெளியேற எவ்வளவு வாய்ப்பு என்பது கிடைக்கும். ஜெனீவாவில் உள்ள செர்ன் போன்ற துகள் மோதல் நிலையங்களில் ஒப்பிட்டுப் பார்க்கப்படும் கணிப்புகளுக்கெல்லாம் இந்த வீச்சுதான் அடிப்படை.

அதைக் கணக்கிடுவதில்தான் சிக்கல். வழக்கமான வழி ஃபெய்ன்மன் வரைபடங்கள்: துகள்கள் எந்தெந்த வழியில் ஒன்றோடொன்று உறவாட முடியுமோ அத்தனையையும் படமாக வரைந்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு கணிதக் கோவை எழுதி, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். புரோட்டான், நியூட்ரான்களுக்குள் இருக்கும் குவார்க்குகளை ஒட்டவைக்கும் குளுவான்கள் என்ற துகள்களை எடுத்துக்கொள்வோம். இரண்டு மோதி இரண்டு வெளிவந்தால் 4 வரைபடங்கள். மூன்று வெளிவந்தால் 25. நான்கு வந்தால் 220. எட்டு வந்தால் 1 கோடியைத் தாண்டிவிடும். ஒவ்வொரு வரைபடத்துக்கும் பல உறுப்புகள் உண்டு என்பதால் கோவை பக்கம் பக்கமாக நீளும்.

சிகாகோவுக்கு அருகிலுள்ள ஃபெர்மி ஆய்வகத்தில் ஸ்டீபன் பார்க், டொமாஸ் டெய்லர் என்ற இருவர் அந்த 220 வரைபடக் கணக்கை எடுத்துக்கொண்டார்கள். 1986-இல் அவர்கள் வெளியிட்ட விடை ஒரே வரி. இரண்டு குளுவான்கள் தவிர மற்ற எல்லாம் ஒரே சுழற்சித் திசையில் இருந்தால், எத்தனை குளுவான்கள் ஆனாலும் அந்த ஒரு வரி பொருந்தும். முதன்முறை இதைப் படித்தபோது, விடையில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்றே நினைத்தேன். எதுவும் விட்டுப்போகவில்லை. வரைபடங்களின் இடைநிலைப் படிகளில், உண்மையில் வெளியே வராத துகள்களுக்காக நாம் எழுதும் மிகைச் சுமை அவ்வளவு இருக்கிறது. கடைசியில் அதெல்லாம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு காணாமல் போய்விடுகிறது. அந்தச் சுமையை முதலிலேயே இறக்கி வைத்துவிட்டு, வெளியே வரும் துகள்களை மட்டும் கொண்டு வீச்சைக் கட்டியெழுப்பும் முறைகள் அதன்பிறகு ஒரு தனித் துறையாகவே வளர்ந்தன.

இதன் கூடவே வளர்ந்த இன்னொரு சிந்தனை உண்டு. எதைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று தெரிந்துகொள்வது அதன் சாரம். வாசலில் போட்ட கோலத்தை மாடியிலிருந்து பார்ப்பவருக்கு அது வளைந்து செல்லும் கோடு. அதே கோலத்தின் மேல் ஊரும் எறும்புக்கு அது தனித்தனி மாவுப் பொடி. மாடியில் நிற்பவர் கோலத்தின் வடிவத்தைச் சொல்ல மாவுப் பொடியை எண்ண வேண்டியதில்லை. நாம் பார்க்கும் அளவுக்கு எது தேவையோ அதை மட்டும் வைத்து எழுதும் கோட்பாட்டைப் பயனுறு கோட்பாடு என்கிறார்கள்.

வானம் ஏன் நீலம் என்பதை இந்த வழியில் சொல்லிப் பார்ப்போம். காற்று மூலக்கூறைவிட ஒளியின் அலைநீளம் ஆயிரம் மடங்குக்கும் மேல் பெரியது. அவ்வளவு நீண்ட அலைக்கு மூலக்கூறின் உள்ளமைப்பு தெரியாது. அதன் கன அளவு மட்டுமே தோராயமாகத் தெரியும். கன அளவு என்பது நீளத்தின் மூன்றாம் அடுக்கு. வீச்சு அதற்கு நேர்விகிதத்தில் இருந்தால், வீச்சின் வர்க்கம் நீளத்தின் ஆறாம் அடுக்கு. ஆனால் சிதறலின் அளவைப் பரப்பில்தான் சொல்வார்கள், அதாவது நீளத்தின் இரண்டாம் அடுக்கு. மீதி நான்கு அடுக்குகளை எதனாலாவது வகுத்தாக வேண்டும். கையில் இருக்கும் இன்னொரு நீளம் அலைநீளம் ஒன்றுதான். ஆகவே சிதறல், அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதம். 700 நானோமீட்டர் சிவப்பைவிட 450 நானோமீட்டர் நீலம் ஏறக்குறைய 6 மடங்கு சிதறும். மூலக்கூறுக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் வானத்தின் நிறம் வந்துவிட்டது! ராலே 1871-இல் சொன்ன விதி இது.

இந்த அறியாமைக்கு எல்லை உண்டு, அந்த எல்லையைக் கோட்பாடே சொல்லிவிடும். எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான். அணுக்கரு ஒன்று எலெக்ட்ரானை உமிழ்ந்து வேறொன்றாக மாறுவதைப் பீட்டா சிதைவு என்பார்கள். 1934-இல் என்ரிகோ ஃபெர்மி அதற்கு ஒரு கோட்பாடு எழுதினார். நான்கு துகள்கள் ஒரே புள்ளியில் சந்திக்கும். குறைந்த ஆற்றலில் அது நன்றாக வேலை செய்தது. ஆனால் ஆற்றலைக் கூட்டிக்கொண்டே போனால் சிதறலின் வாய்ப்பும் ஏறிக்கொண்டே போய், சில நூறு கிகா எலெக்ட்ரான் வோல்ட்டில் (துகள்களின் ஆற்றலை அளக்கும் அலகு இது) நூறு சதவீதத்தைத் தாண்டும். வாய்ப்பு நூறைத் தாண்ட முடியாது. அப்படியென்றால் அதற்கு முன்பே புதிதாக ஏதோ தலைகாட்ட வேண்டும். 1983-இல் செர்னில், பீட்டா சிதைவை நடத்திவைக்கும் டபிள்யூ துகள் அகப்பட்டது, 80 கிகா எலெக்ட்ரான் வோல்ட் அருகில். ஃபெர்மி புள்ளி என்று எழுதிய இடத்தில் அதுதான் ஒளிந்திருந்தது.

சரி, ஈர்ப்புக்கு வருவோம். ஈர்ப்பும் குவாண்டமும் ஒத்துப்போகாது என்று பலரும் படித்திருப்பீர்கள். அதைக் கொஞ்சம் திருத்திச் சொல்ல வேண்டும். மிகச் சிறிய தூரங்களில் என்ன நடக்கிறது என்பதுதான் நம் கையில் இல்லை. பெரிய தூரங்களுக்கு ஐன்ஸ்டைனின் கோட்பாட்டையே ஒரு பயனுறு கோட்பாடாக எடுத்துக்கொண்டு குவாண்டம் திருத்தத்தைக் கணக்கிடலாம் என்று ஜான் டோனஹ்யூ 1994-இல் காட்டினார். நியூட்டனின் ஈர்ப்பு விதிக்கு வரும் அந்தத் திருத்தத்தின் எண் இன்று தெரியும். சூரியனின் மையத்திலிருந்து மேற்பரப்பு வரையுள்ள தூரத்துக்குப் போட்டுப் பார்த்தால், தசமப் புள்ளிக்குப் பிறகு 87 சுழியங்கள் போட்டுவிட்டுத்தான் முதல் இலக்கம் வரும். யாராலும் அளக்க முடியாத அளவு அது. ஆனாலும் ஈர்ப்பின் மேல் குவாண்டம் கணக்குப் போட்டு உறுதியான விடை எடுக்க முடிகிறது என்பதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

அளக்க முடிகிற விஷயம் 2015 செப்டம்பர் 14 அன்று வந்தது. சூரியனைப்போல் சுமார் 36 மடங்கும் 29 மடங்கும் நிறையுள்ள இரண்டு கருந்துளைகள் ஒன்றையொன்று சுற்றி இணைந்தபோது கிளம்பிய ஈர்ப்பலையை, அதாவது காலவெளியிலேயே பரவும் அதிர்வை, அமெரிக்காவின் லிவிங்ஸ்டன், ஹான்ஃபோர்டு ஆகிய இரு இடங்களிலுள்ள லைகோ கருவிகள் பிடித்தன. 35 ஹெர்ட்ஸில் தொடங்கி, ஒரு நொடியின் ஐந்தில் ஒரு பங்குக்குள் 250 ஹெர்ட்ஸுக்கு ஏறிய ஒலிபோன்ற குறிகை. இரைச்சலுக்கு நடுவே இருந்து இதன் நிறைகளையும் தூரத்தையும் படித்தெடுக்க வேண்டுமென்றால், அலை எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு வைத்திருக்க வேண்டும்.

அந்த 35 ஹெர்ட்ஸ் கணத்தில் நின்று மூன்று நீளங்களைப் பாருங்கள். பெரிய கருந்துளையின் ஆரம் சுமார் 100 கிலோமீட்டர். இரண்டுக்கும் இடைத்தூரம் சுமார் 900 கிலோமீட்டர். வெளியேறும் அலையின் நீளம் 8,500 கிலோமீட்டருக்கு மேல். மாடி, கோலம், எறும்பு மாதிரி மூன்று தனித்தனி அளவுகள். வால்டர் கோல்ட்பெர்கரும் ஐரா ராத்ஸ்டீனும் கருவிகள் அலையைப் பிடிப்பதற்குப் பத்தாண்டுக்கு முன்பே இதைக் கவனித்து, கருந்துளையை ஒரு புள்ளித் துகளாக வைத்துப் பயனுறு கோட்பாடு எழுதியிருந்தார்கள்.

கருந்துளை புள்ளி என்றால், இரண்டு கருந்துளைகள் ஒன்றையொன்று கடந்து விலகிப் போவதும் ஒரு சிதறல்தானே? சுற்றிக்கொண்டிருப்பவைக்கும் விலகிப்போகிறவைக்கும் விசை ஒன்றுதான். கோள் நீள்வட்டத்தில் சுற்றுவதும், எங்கிருந்தோ வந்த வால்மீன் வளைந்து திரும்பிப் போய்விடுவதும் சூரியனின் ஒரே ஈர்ப்பினால்தான். ஆக, சிதறலிலிருந்து விசையைப் பிரித்தெடுத்து, அதையே சுற்றுப்பாதைக்கும் போடலாம்.

ஆனால் ஈர்ப்பின் வரைபடக் கணக்கு குளுவானைவிடக் கொடியது. ஈர்ப்பைச் சுமப்பதாகக் கருதப்படும் துகளான கிராவிட்டான்கள் மூன்று சந்திக்கும் ஒரே ஒரு முனைக்கு நூற்றுக்கும் மேற்பட்ட உறுப்புகள். இங்கேதான் பழைய குளுவான் வேலை கைகொடுத்தது. குளுவான் வீச்சின் ஒவ்வொரு உறுப்பிலும் இரண்டு பாகங்கள் உண்டு: ஒன்று குவார்க்குகளும் குளுவான்களும் சுமக்கும் நிற மின்னூட்டம் (கண்ணுக்குத் தெரியும் நிறம் அல்ல), மற்றது உந்தங்கள். கோவையைச் சரியான வடிவத்தில் எழுதிவிட்டு, நிறப் பாகத்தை நீக்கி, அந்த இடத்தில் உந்தப் பாகத்தையே இன்னொரு முறை வைத்தால் ஈர்ப்பின் வீச்சு வந்துவிடுகிறது. ட்ஸ்வி பெர்ன், கராஸ்கோ, யோஹான்சன் மூவரும் 2008-இல் கண்ட இதற்கு இரட்டைப் பிரதி என்று பெயர். அணுக்கருவுக்குள் இருக்கும் விசையை இரண்டு முறை எழுதினால் ஆப்பிளை விழவைக்கும் விசை! இது ஏன் இப்படி என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட எளிய காரணம் இன்னும் இல்லை.

2019-இல் பெர்னும் கூட்டாளிகளும் இந்த வழியில் குவாண்டம் வீச்சைக் கணக்கிட்டு, அதில் குவாண்டம் பகுதியைக் களைந்துவிட்டு, இரண்டு கருந்துளைகளுக்கு இடையிலான விசையை ஈர்ப்பு மாறிலியின் மூன்றாம் படி வரை எழுதினார்கள்; படி ஏற ஏற விடை துல்லியமாகும். ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளோடு நேரடியாகப் பல்லாண்டுகள் மல்லுக்கட்டியவர்கள் எட்டாத படி அது. முதலில் சந்தேகம் எழுந்தது. பிறகு வேறு வழிகளில் கணக்கிட்டவர்களுக்கும் அதே விடை வந்தது. இன்று ஐந்தாம் படியின் ஒரு பகுதி வரை போயிருக்கிறார்கள்.

கருந்துளைகள் தொட்டு இணையும் கணத்தில் புள்ளி என்ற எண்ணம் செல்லாது. அங்கே கணினிதான் ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளைத் தீர்க்க வேண்டும். அப்புறம் புதிய கருந்துளை மணிபோல் அதிர்ந்து அடங்கும். இந்த அதிர்வை முதலில் கண்டவர், பின்னாளில் பெங்களூரில் பணியாற்றிய சி. வி. விஸ்வேஸ்வரா. 1970-இல் அவர் கருந்துளையின் மேல் ஓர் ஈர்ப்பலையை மோதவிட்டு, என்ன சிதறி வருகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் அதைக் கண்டார். அதுவும் சிதறல்தான்.

புள்ளிக்குள் இருப்பது இணைவதற்கு முன்பே கொஞ்சம் வெளியே கசியும். அருகிலிருக்கும் துணையின் ஈர்ப்பு, கடலில் ஓதம் எழுப்புவதுபோல், ஒரு பொருளை எவ்வளவு இழுத்து நீட்டும் என்பதற்குப் பயனுறு கோட்பாட்டில் ஓர் எண் உண்டு. ஆரத்தை இடைத்தூரத்தால் வகுத்து ஐந்தாம் அடுக்குக்கு உயர்த்திய அளவில்தான் அது தலைகாட்டும் என்பதால், கடைசிச் சுற்றுகள் வரை தெரியாது. கருந்துளைக்கு அந்த எண் சரியாகச் சுழியம். பெரிய விண்மீன் வெடித்தபின் மிஞ்சும் அடர்ந்த எச்சமான நியூட்ரான் விண்மீனுக்கு அப்படி இல்லை. 2017 ஆகஸ்ட் 17 அன்று இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் இணைந்த அலை வந்தபோது அந்த எண்ணைத்தான் தேடினார்கள். அது எவ்வளவுக்கு மேல் இருக்க முடியாது என்பது அலையின் கடைசிப் பகுதியில் தெரிந்தது. அதை வைத்து, 13 கோடி ஒளியாண்டு தொலைவிலிருந்த அந்த விண்மீன்களின் ஆரம் ஏறக்குறைய 12 கிலோமீட்டர் என்று சொல்ல முடிந்தது.