ரெக்கார்டு பட்டனை அழுத்தும் முன்பே முடிவாக வேண்டிய இரண்டு எண்கள்

எடிட்டிங்குக்கு வரும் காட்சியில் நிறம் கொஞ்சம் பிசகியிருந்தால் சரிசெய்துவிடலாம். கோணலாக இருக்கும் ஃபிரேமை நிமிர்த்தலாம். பின்னணி இரைச்சலைக்கூட ஓரளவு குறைத்துவிடலாம். ஆனால் பொருந்தாத ஃபிரேம் ரேட்டிலோ (நொடிக்கு எத்தனை ஃபிரேம்) போதாத பிட்ரேட்டிலோ (நொடிக்கு எத்தனை பிட் தகவல்) பதிவாகி வந்த காட்சியை மீட்க என்னிடம் நல்ல வழி எதுவும் இல்லை. மென்பொருள்கள் இடையில் ஃபிரேம்களை ஊகித்து நிரப்பித் தருகின்றன. கை அசையும் இடத்தில் விரல்கள் குழைந்து போவதைப் பார்த்தாலே அது ஊகம் என்று தெரிந்துவிடும். இவ்வளவு முக்கியமான இரண்டு அமைப்புகளையும் பலர் கேமரா கடைசியாக எதில் இருந்ததோ அதிலேயே விட்டுவிடுகிறார்கள். இல்லாவிட்டால் மெனுவில் எது பெரிய எண்ணோ அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இரண்டுமே வேண்டாம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

ஃபிரேம் ரேட்டிலிருந்து தொடங்கலாம். மெனுவில் இருக்கும் 24, 25, 30 எல்லாம் எங்கிருந்து வந்தன என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஊமைப்படக் காலத்தில் வேகம் கூடக் குறைய இருந்தாலும் கண் பொறுத்துக்கொண்டது. 1920-களின் இறுதியில் ஒலி வந்தபோது அந்தச் சலுகை போய்விட்டது. வேகம் மாறினால் குரலும் மாறிவிடும். அப்போது நிலைபெற்றதுதான் 24. தொலைக்காட்சி தன் கணக்கை மின்சாரத்திலிருந்து எடுத்துக்கொண்டது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள நாடுகளில் 25, 60 ஹெர்ட்ஸ் உள்ள நாடுகளில் 30. பிறகு 1953-இல் அமெரிக்காவில் கலர் ஒளிபரப்புக்கான தரம் ஏற்கப்பட்டபோது, நிறத் தகவலும் ஒலியும் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க 30-ஐக் கொஞ்சம் குறைத்து 29.97 ஆக்கினார்கள். இன்றும் கேமராவில் 23.98, 59.94 என்றெல்லாம் பார்க்கிறோமே, அவை அதன் மிச்சம்.

எனவே முதல் கேள்வி, இது எங்கே ஓடப்போகிறது என்பதுதான். தியேட்டருக்கோ, சினிமா போன்ற உணர்வு வேண்டிய குறும்படத்துக்கோ 24. தொலைக்காட்சிக்கு என்றால் அந்த நாட்டின் தரம். இணையத்துக்கு மட்டும் என்றால் எதுவும் ஓடும். அப்புறம் ஏன் யோசிக்க வேண்டும்? விளக்குகளுக்காக.

50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் பல விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். அந்த வெளிச்சத்தில் 30 ஃபிரேமும் 1/60 ஷட்டரும் (ஒவ்வொரு ஃபிரேமுக்கும் வெளிச்சம் விழும் நேரம், நொடிக் கணக்கில்) வைத்தால் ஒவ்வொரு ஃபிரேமிலும் துடிப்பின் வேறு பகுதி விழும். படத்தில் கரும்பட்டைகள் மேலும் கீழும் நகரும். ஷட்டரை 1/50 அல்லது 1/100 ஆக வைத்தால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் முழுத் துடிப்புகளே கிடைக்கும், பட்டை வராது. 60 ஹெர்ட்ஸ் நாடுகளில் அதே காரணத்துக்காக 1/60 அல்லது 1/120. ஜப்பானில் கிழக்குப் பகுதி 50, மேற்குப் பகுதி 60. ஒரே நாட்டுக்குள் ஊர் மாறினால்கூட ஷட்டரை மாற்ற வேண்டியிருக்கும்.

உட்புறத்தில் ஸ்லோ மோஷன் எடுப்பவர்கள் இங்கேதான் அதிகம் சிக்குகிறார்கள். 120 ஃபிரேமில் எடுத்தால் ஷட்டர் 1/120-ஐவிட நீளமாகத் திறந்திருக்க முடியாது. அதாவது 50 ஹெர்ட்ஸ் விளக்கின் ஒரு முழுத் துடிப்பைக்கூட ஒரு ஃபிரேமால் பிடிக்க முடியாது. ஃபிளிக்கர் நிச்சயம். கேமராவில் 100 ஃபிரேம் இருந்தால் அதை எடுத்து, ஷட்டரை 1/100-இல் வையுங்கள். அசைவு கொஞ்சம் மெழுகினாற்போல் இருக்கும், ஆனால் வெளிச்சம் துடிக்காது. மலிவான எல்இடி விளக்குகள் மட்டும் இந்தக் கணக்குக்கு வெளியே. மங்கலாக்கும்போது அவை தமக்கென்று ஒரு வேகத்தில் அணைந்து எரியும். அவற்றுக்குச் சோதித்துப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

வெளியில் வெயிலில் பிரச்சினை வேறு. ஷட்டரை ஃபிரேம் ரேட்டின் இரு மடங்குக்குப் பக்கத்தில் வைப்பது வழக்கம்: 25-க்கு 1/50, 60-க்கு 1/125. வெளிச்சம் அதிகம் என்று ஷட்டரை 1/1000-க்கு ஏற்றிவிட்டால் ஒவ்வொரு ஃபிரேமும் கூர்மையாக நிற்கும், நடப்பவர் வெட்டி வெட்டி நடப்பார். அந்த நேரத்தில் தேவை, லென்ஸுக்குள் வரும் வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர்.

"எதற்கும் 60-லேயே எடுத்துவிடுவோம், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்பவர்களிடம் நான் எப்போதும் வாதாடுவேன். எடிட்டிங்கில் 25 ஃபிரேம் டைம்லைனில் 60 ஃபிரேம் காட்சியைச் சாதாரண வேகத்தில் வைத்தால் 2.4 ஃபிரேமுக்கு ஒன்று எடுக்க வேண்டும்; அது சீராக வராது, கேமராவைப் பக்கவாட்டில் திருப்பும் (பேன்) இடங்களில் படம் தத்தித் தத்திப் போகும். 50-இல் எடுத்திருந்தால் ஒன்று விட்டு ஒன்று, சீராக வரும். 24 டைம்லைனுக்கு 120 எடுத்தால் சரியாக ஐந்து மடங்கு மெதுவாகும். முழு எண்ணாக வகுபடுகிறதா என்று மட்டும் பாருங்கள். அதோடு 60-க்கு 1/125 ஷட்டர் என்றால் 1/50-இல் கிடைக்கும் வெளிச்சத்தில் பாதிகூடக் கிடைக்காது. இருட்டான இடத்தில் ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறனை) ஏற்றுவீர்கள், நாய்ஸ் (படமெங்கும் புள்ளிகள்) வரும். விளையாட்டு, நடனம், கணினித் திரையைப் பதிவுசெய்வது என்றால் 60-க்கு நியாயம் இருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து பேசும் ஒருவருக்கு எதற்கு?

இரண்டு மூன்று கேமராக்கள் என்றால் எல்லாவற்றிலும் ஒரே எண், புள்ளிக்குப் பிறகு இருப்பது உட்பட. 30-உம் 29.97-உம் ஒன்றுதானே என்று விட்டு, ஃபிரேமுக்கு ஃபிரேம் பொருத்தினால் ஒரு மணி நேரத்தில் 3.6 நொடி விலகிவிடும். கைப்பேசிகளில் இன்னொரு சிக்கல்: வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் ஏற்ப அவை ஃபிரேம் ரேட்டைத் தாமே ஏற்றி இறக்கும். 30 என்று திரையில் இருக்கும், உள்ளே 28.6 இருக்கும். தனியாகப் பதிவுசெய்த ஒலி தொடக்கத்தில் உதட்டோடு பொருந்தும், போகப் போக நழுவும். ஃபிரேம் ரேட்டைப் பூட்டும் வசதியுள்ள ஆப்பில் எடுங்கள். முடியவில்லை என்றால் எடிட்டிங்குக்கு முன் நிலையான ஃபிரேம் ரேட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

இனி பிட்ரேட். 4கே காட்சியின் ஒரு ஃபிரேமை, கேமராக்கள் வழக்கமாகப் பதிவுசெய்யும் 8-பிட் 4:2:0 முறையில் (நிறத் தகவலைக் குறைத்து வைக்கும் முறை), கோடெக்கால் சுருக்காமல் வைத்தால் சுமார் 12.4 மெகாபைட். நொடிக்கு 25 என்றால் ஏறக்குறைய 2,500 மெகாபிட். உங்கள் கேமரா அதை 100 மெகாபிட்டில் எழுதுகிறது என்றால் இருபத்தைந்தில் ஒரு பங்காகச் சுருக்குகிறது. அதே 100-ஐ வைத்துக்கொண்டு ஃபிரேம் ரேட்டை மட்டும் 50 ஆக்கினால் ஐம்பதில் ஒரு பங்கு. ஒரு சட்டைக்கு எடுத்த துணியில் இரண்டு சட்டை தைக்கச் சொல்வது போலத்தான் இது. ஃபிரேம் ரேட்டையும் பிட்ரேட்டையும் தனித்தனியாக யோசிக்கக் கூடாது என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். ஃபிரேம் ரேட்டைக் கூட்டும்போது உங்கள் கேமரா பிட்ரேட்டையும் கூட்டுகிறதா என்று ஒருமுறை பாருங்கள். பல கேமராக்கள் அதே அளவில் கூட்டுவதில்லை.

எந்தக் காட்சிக்கு எவ்வளவு போதும் என்பது சுருக்கும் முறையைப் பொறுத்தது. பெரும்பாலான கேமராக்கள் ஒரு ஃபிரேமை முழுதாக எழுதி, அடுத்தடுத்த ஃபிரேம்களில் எது மாறியதோ அதை மட்டும் எழுதுகின்றன. சுவருக்கு முன்னால் உட்கார்ந்து பேசுபவரிடம் உதடும் கையும்தான் அசையும். குறைந்த பிட்ரேட்டே தாராளம். மழை, அலை, காற்றில் ஆடும் இலைகள், புகை, தூவப்படும் பூக்கள், கூட்டம் என்றால் எல்லாமே ஒவ்வொரு ஃபிரேமிலும் மாறும். பிட் போதாமல் கோடெக் (காட்சியைச் சுருக்கும் முறை) கட்டம் கட்டமாக உடைக்கும், இலைகள் பச்சைக் குழம்பாகிவிடும். இருட்டில் வரும் நாய்ஸும் கோடெக்கின் பார்வையில் மாற்றம்தான். முகத்துக்குப் போக வேண்டிய பிட்டுகளை அந்தப் புள்ளிகள் தின்றுவிடும். மங்கிய இடத்தில் பிட்ரேட்டைக் கூட்டுவதைவிட ஒரு விளக்கைக் கூட்டுவது அதிகப் பலன் தரும் என்பது என் அனுபவம்.

எண்ணை மட்டும் ஒப்பிட்டும் ஏமாறக் கூடாது. 2013-இல் வந்த எச்.265 என்ற கோடெக், 2003-இல் வந்த எச்.264 எடுக்கும் பிட்டுகளில் ஏறக்குறைய பாதியிலேயே அதே தரத்தைத் தர வல்லது. ஆனால் பழைய கணினியில் எடிட் செய்யத் திணறும். ஆல்-இன்ட்ரா முறையில் ஒவ்வொரு ஃபிரேமும் முழுதாக எழுதப்படுவதால் அதன் 400 மெகாபிட், வழக்கமான முறையின் 100-ஐவிட நான்கு மடங்கு அழகாக இருக்காது. எடிட்டிங் எளிதாகும், அவ்வளவுதான். லாக் முறையில் (பிறகு நிறம் திருத்துவதற்காக வெளிறிய படமாகப் பதிவுசெய்யும் முறை) எடுப்பவர்கள் 10-பிட் இல்லாமல் எடுக்க வேண்டாம். 8-பிட்டில் ஒரு நிறத்துக்கு 256 படிகள், 10-பிட்டில் 1,024. படிகள் போதாமல் வானத்தில் படிப்படியாகத் தெரியும் கோடுகளைப் பிட்ரேட்டைக் கூட்டிப் போக்க முடியாது.

எச்.264-இல் 1080பி, 25 ஃபிரேம் பேட்டிக்கு 50 மெகாபிட் எனக்குப் போதும். 4கே, 25-க்கு 100. 50 அல்லது 60-க்கு 150-இலிருந்து 200. கேமராவால் அது முடியாது, காட்சியிலும் அசைவு அதிகம் என்றால், தயங்காமல் 1080பி-க்கு இறங்கிவிடுங்கள் என்பேன்.

கார்டு வாங்கும்போது பிட்டையும் பைட்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். 8 பிட் ஒரு பைட். 100 மெகாபிட் என்றால் நொடிக்கு 12.5 மெகாபைட், மணிக்கு 45 ஜிபி. 64 ஜிபி கார்டு ஒன்றரை மணி நேரம்கூட வராது. கார்டில் கொட்டை எழுத்தில் இருப்பது பெரும்பாலும் படிக்கும் வேகம். வீடியோவுக்குப் பார்க்க வேண்டியது வி30, வி60, வி90 என்ற குறி. குறைந்தபட்சம் எத்தனை மெகாபைட் வேகத்தில் தொடர்ந்து எழுதும் என்ற உறுதி அது. வி30 உறுதியளிப்பது 240 மெகாபிட் வரைதான். அதில் 400 மெகாபிட் எடுக்கப் பார்த்தால் பதிவு பாதியில் நின்றுபோகலாம், அதுவும் திரும்ப நடக்காத ஒரு நிகழ்ச்சியின் நடுவில்.

யூடியூப் 1080பி-க்கு 8 மெகாபிட்தான் பரிந்துரைக்கிறது, 60 ஃபிரேமுக்கு 12, பிறகு எதற்கு 50-இல் எடுக்க வேண்டும் என்று கேட்பார்கள். நீங்கள் ஏற்றுவதை அந்தத் தளம் இன்னொரு முறை சுருக்கும். அதற்கு முன் நீங்கள் நிறம் திருத்துவீர்கள், பெரிதாக்குவீர்கள். ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் போகும். முதல் பதிவில் உபரி இருந்தால்தான் கடைசியில் மிஞ்சும். அதற்காக 17 மெகாபிட்டில் எடுத்ததை 100-இல் எக்ஸ்போர்ட் செய்தால் கோப்பு பெரிதாகும், படம் மாறாது. எடுத்ததை எடிட்டருக்கு மெசேஜ் ஆப்பில் சாதாரண வீடியோவாகவும் அனுப்பாதீர்கள், அங்கேயும் ஒரு சுருக்கல் நடக்கும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள்.

படப்பிடிப்பு நாளில் விளக்குகள் எரியத் தொடங்கியதும், அன்றைய காட்சிகளிலேயே அசைவு அதிகமுள்ளதைப் பத்து நொடி எடுத்துக் கணினியில் போட்டுப் பாருங்கள். கேமராவின் சின்னத் திரையில் பட்டையும் கட்டமும் தெரியாது. மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் அந்தக் கோப்பைத் திறந்தால் ஃபிரேம் ரேட் நிலையானதா மாறுவதா, உண்மையான பிட்ரேட் எவ்வளவு, எத்தனை பிட் ஆழம் என்று எல்லாம் வந்துவிடும். மெனுவில் நீங்கள் வைத்ததும் அதில் இருப்பதும் வேறாக இருந்தால், மாற்றிக்கொள்ள அப்போது நேரம் இருக்கும்.