கரண்டு போனால் முதலில் வற்றுவது தண்ணீர்த் தொட்டி

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. விடிந்தபோது டெல்டா மாவட்டங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்து கிடந்தன. முதல் நாள் எல்லாரும் கூரையையும் தென்னையையும்தான் பார்த்தோம். இருட்டைப் பற்றி யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை, மெழுகுவத்தி இருந்தது. இரண்டாம் நாள் மாடித் தொட்டி காலி. அதற்கப்புறம் தெருவில் கேட்டதெல்லாம் ஒரே சத்தம்தான். டிராக்டரிலும் குட்டியானையிலும் ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு வீடு வீடாக வருவார்கள். மோட்டாருக்கு வயரைக் கொடுத்து, தொட்டி நிரம்பும்வரை ஓட்டி, காசை வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவார்கள். பூமிக்கடியில் தண்ணீர் இருந்தது. அதை மேலே கொண்டுவரத்தான் வழியில்லை.

கரண்டு எப்போது வரும் என்று அப்போது யாராலும் சொல்ல முடியவில்லை. ஏன் சொல்ல முடியவில்லை என்று பிறகு தேடிப் படித்தேன். எது உடைந்தது என்பதைப் பொறுத்துத்தான் பதில். உற்பத்திக்கும் செலவுக்கும் இடையே சமநிலை குலைந்தால் மணிக்கணக்கு. கம்பம் சாய்ந்தால் வாரக்கணக்கு, சில சமயம் மாதக்கணக்கு. பெரிய டிரான்ஸ்ஃபார்மர் போனாலோ, எரிபொருள் வாங்க நாட்டிடம் பணமில்லாமல் போனாலோ மாதக்கணக்கு. போர் வந்தால் வருடக்கணக்கு. நாம் வீட்டில் செய்துவைத்திருக்கும் ஏற்பாடு முதல் வகைக்கு மட்டும்தான் போதும், அதுவும் அரைகுறையாக.

மின்சாரத்துக்குப் பெரிய குடோன் எதுவும் கிடையாது. நீங்கள் மிக்ஸியைப் போடும் அதே நொடியில் எங்கோ ஒரு டர்பைன் அந்தப் பாரத்தைத் தாங்குகிறது. மின் நிலையங்களையும் ஊர்களையும் பின்னும் கம்பிவலைதான் மின்தொகுப்பு. அதில் இணைந்த பெரிய ஜெனரேட்டர்கள் எல்லாம் நொடிக்கு 50 அலை என்ற ஒரே தாளத்தில் கட்டுண்டு சுழல்கின்றன. திருவாரூர் ஆழித்தேரை நினைத்துக்கொள்ளுங்கள். வடம் பிடித்த எல்லாரும் சேர்ந்து ஒரே வேகத்தில் நடக்கிறார்கள். ஒரு பக்கம் நூறு பேர் கையை விட்டால் மற்றவர்கள் மேல் பாரம் ஏறும், தேரின் வேகம் குறையும். மின்தொகுப்பில் அந்த வேகத்துக்குப் பெயர்தான் அதிர்வெண். அது 49.4-க்கு இறங்கினால் ரிலே என்னும் தானியங்கிக் கருவிகள் சில பகுதிகளைத் தாமாகவே கழற்றிவிட்டுப் பாரத்தைக் குறைக்கும். அதுவும் போதாவிட்டால், டர்பைன் பிளேடுகள் சேதமாகாமல் இருக்க ஜெனரேட்டர்கள் ஒவ்வொன்றாக விலகிக்கொள்ளும். விலக விலக, மிச்சமிருப்பவற்றின் பாரம் இன்னும் கூடும். சில நிமிடங்களில் எல்லாம் நின்றுவிடும்.

2012 ஜூலை 30 அதிகாலை வட இந்தியாவில் நடந்தது இதுதான். பீனா-குவாலியர் 400 கிலோவோல்ட் பாதையில் ஒரு லைன் ஏற்கெனவே வேலைக்காக நிறுத்தப்பட்டிருந்தது. மிச்சமிருந்த லைன் அதிகப் பாரத்தில் துண்டித்துக்கொள்ள, வடக்கு மின்தொகுப்பு முழுவதும் சரிந்தது. மறுநாள் மதியம் மறுபடியும் சரிந்தது. இந்த முறை கிழக்கும் வடகிழக்கும் சேர்ந்து போயின. 60 கோடிக்கு மேற்பட்ட மக்கள் பாதிக்கப்பட்டார்கள். தெற்கே நமக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்று நம் மின்தொகுப்பு மற்ற மின்தொகுப்புகளோடு நேர்மின் (டிசி) இணைப்பால் மட்டுமே சேர்ந்திருந்தது, தாளம் தனி. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்-சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் இணைந்ததும் நாடு முழுவதும் ஒரே தாளமானது. காற்றாலை மின்சாரம் மிஞ்சினால் அனுப்பலாம், கோடையில் பற்றாக்குறை வந்தால் வாங்கலாம். நல்லதுதான். ஆனால் இப்போது நாமும் அதே தேரின் வடத்தைப் பிடித்திருக்கிறோம்.

விழுந்த மின்தொகுப்பை எழுப்புவதுதான் எனக்கு மிகவும் வியப்பான பகுதி. அனல்மின் நிலையம் ஓட ஆரம்பிக்கவே மின்சாரம் வேண்டும். நிலக்கரியை அரைக்கும் மில், காற்றை ஊதும் ராட்சத மின்விசிறி, கொதிகலனுக்குத் தண்ணீர் தள்ளும் பம்பு எல்லாம் மோட்டாரில் ஓடுபவை. கரண்டு இல்லாமல் கரண்டு தயாரிக்க முடியாது. அதனால் முதலில் நீர்மின் நிலையத்தை எழுப்புவார்கள். அணையில் நிற்கும் தண்ணீர் தயாராக இருக்கிறது, மதகைத் திறக்க ஒரு டீசல் ஜெனரேட்டரும் பேட்டரியும் போதும். அங்கே பிறக்கும் மின்சாரத்தை ஒரே ஒரு லைன் வழியாக அனல்மின் நிலையத்துக்குக் கொண்டுபோய், அதை எழுப்பி, ஊர் ஊராகச் சேர்த்துக்கொண்டே வருவார்கள். அவசரப்பட்டு ஒரு பெரிய நகரத்தைச் சேர்த்துவிட்டால், அங்கே காத்துக்கொண்டிருக்கும் ஃபிரிட்ஜும் ஏசியும் மோட்டாரும் ஒரே நேரத்தில் இழுக்கும், எழுந்தது மறுபடியும் விழும். பக்கத்துத் தெருவில் கரண்டு வந்து நம் தெருவில் வரவில்லை என்று மின்வாரிய ஆபீசைத் திட்டும் அந்த ஒரு மணி நேரத்தில், உள்ளே ஒருவர் அதிர்வெண் மீட்டரைப் பார்த்துக்கொண்டு மூச்சைப் பிடித்து உட்கார்ந்திருக்கலாம்.

இந்த எழுப்பும் வேலையையே செய்யவேண்டிய நிலைக்கு 2021 பிப்ரவரி 15 அன்று அமெரிக்காவின் டெக்சாஸ் மிக அருகில் போய்வந்தது. கடும் குளிரில் மின் நிலையங்கள் உறைந்து நிற்க, அங்கே 60 ஆக இருக்கவேண்டிய அதிர்வெண் 59.4-க்குக் கீழே நாலு நிமிடத்துக்கு மேல் நின்றது. ஒன்பது நிமிடம் நின்றிருந்தால் ஜெனரேட்டர்கள் வரிசையாக விலகியிருக்கும். லட்சக்கணக்கான வீடுகளைத் துண்டித்துத்தான் தப்பித்தார்கள். அந்த அவசரத்தில் மின் நிலையங்களுக்கே எரிவாயு அனுப்பும் சில கருவிகளின் கரண்டும் சேர்ந்து போனது. எது அவசியமான இணைப்பு என்ற பட்டியலில் அவை இல்லை. அரசுக் கணக்குப்படியே 246 பேர் இறந்தார்கள். நம் ஊரிலும் குடிநீரேற்று நிலையம், ஆக்சிஜன் ஆலை, பால் குளிர்விக்கும் நிலையம் எல்லாம் அப்படி ஒரு பட்டியலில் இருக்கின்றனவா என்று பேரிடருக்கு முன்பே கேட்டுவைக்க வேண்டும்.

கம்பமும் கம்பியும் போன இடத்தில் கதை வேறு. 2017 செப்டம்பரில் மரியா சூறாவளி அடித்த புவேர்ட்டோ ரிக்கோ தீவில் எல்லா வீட்டுக்கும் கரண்டு திரும்ப ஏறக்குறைய 11 மாதம் ஆனது. முதலில் சொன்ன சாவுக் கணக்கு 64. பிறகு நடந்த ஆய்வை வைத்து அரசு ஏற்றுக்கொண்ட மதிப்பீடு 2,975. பெரும்பாலானவர்களைக் கொன்றது காற்று இல்லை. டயாலிசிஸ் நின்றது, ஆக்சிஜன் கருவி நின்றது, மருந்து கெட்டது, சாலை இல்லாமல் ஆம்புலன்ஸ் வரவில்லை. இலங்கையில் 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. அங்கே ஒரு கம்பம்கூடச் சாயவில்லை. எரிபொருள் வாங்க டாலர் இல்லை.

ஆனால் நீண்ட மின் முடக்கம் என்றால் என்னவென்று தமிழில் அனுபவித்துச் சொல்லக்கூடியவர்கள் யாழ்ப்பாணத்தார்கள்தான். 1990-ல் போர் மூண்டபோது தீவின் மின்தொகுப்பிலிருந்து குடாநாடு அறுந்தது, வருடக்கணக்கில் திரும்பவில்லை. பொருளாதாரத் தடையில் பேட்டரி வராது, மண்ணெண்ணெய் பொன் விலை. அங்கே பிறந்ததுதான் ஜாம் போத்தல் விளக்கு. காலி ஜாம் பாட்டிலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அது ஊறும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய், நடுவில் நிறுத்திய ஒரு மெல்லிய திரி. சுடர் பாட்டிலுக்குள்ளேயே எரிவதால் காற்று அணைக்காது. எண்ணெய் பஞ்சில் தங்கியிருப்பதால் விளக்கு சாய்ந்தாலும் கொட்டாது. திரி சிறியது என்பதால் ஒரு கரண்டி எண்ணெயில் பிள்ளைகள் இரவுப் படிப்பை முடித்தார்கள். செய்தி கேட்கச் சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலியை ஓட்டினார்கள். சைக்கிள் டைனமோ தருவது 6 வோல்ட், சுமார் 3 வாட். ஒரு சின்ன வானொலிக்கு அதில் பாதிகூட வேண்டாம்.

எந்த வேலைக்கு உண்மையில் எவ்வளவு சக்தி வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நமக்கு மறந்துவிட்டது. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

வீட்டு இன்வெர்ட்டரின் 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரியில் 1,800 வாட்-மணி இருக்கிறது. ஒரு வாட் கருவியை ஒரு மணி நேரம் ஓட்டும் சக்திதான் ஒரு வாட்-மணி. இழப்புகள் போக, பேட்டரி கெடாமல் எடுக்கக்கூடியது சுமார் 1,200. இரண்டு சாதாரண மின்விசிறி, ஒரு டியூப்லைட், ஒரு டிவி போட்டால் நாலரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அதையே கரண்டு குறைவாக இழுக்கும் 30 வாட் பிஎல்டிசி மின்விசிறி ஒன்று இரவில் எட்டு மணி நேரம், 9 வாட் எல்இடி பல்பு இரண்டு ஐந்து மணி நேரம், மூன்று செல்போன் சார்ஜ் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாள் செலவு 375 வாட்-மணி. மூன்று நாள் ஓடும். ஒரு 100 வாட் சோலார் பேனல் நல்ல வெயிலில் ஒரு நாளைக்குத் தருவதும் 350 முதல் 400 வாட்-மணிதான். பேனலைச் சேர்த்துவிட்டால் மூன்று நாள் என்ற எல்லையே போய்விடுகிறது.

தண்ணீர்க் கணக்கு இன்னும் ஆச்சரியம். ஆயிரம் லிட்டரை 10 மீட்டர் உயரம் ஏற்ற இயற்கை கேட்கும் சக்தி வெறும் 27 வாட்-மணி. பம்பின் இழப்புகளைச் சேர்த்தாலும் 100 வாட்-மணிக்குள் முடியும். சிக்கல் சக்தியில் இல்லை, வேகத்தில்தான். ஒரு எச்பி மோட்டார் அந்த வேலையைச் சில நிமிடங்களில் முடிக்கப் பார்க்கிறது. ஓடும்போது ஆயிரம் வாட் அளவில் இழுக்கும், கிளம்பும்போது அதைப்போல் பல மடங்கு. வீட்டு இன்வெர்ட்டர் அங்கேயே மூச்சு திணறிவிடும். தரைத்தொட்டியிலிருந்து மாடிக்கு ஏற்ற, பேட்டரியில் ஓடும் சின்ன டிசி பம்பு ஒன்று இருந்தால் அரை நாளில் மெதுவாக நிரப்பிக் கொடுக்கும். பேரிடர் முகாம்களில் குடிக்க, சமைக்க, கழுவ எல்லாம் சேர்த்து ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 லிட்டர் என்று கணக்கு. நாலு பேர் வீட்டுக்கு 500 லிட்டர் தொட்டி எட்டு நாள் வரும்.

இங்கே இரண்டு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். மாடியில் சோலார் போட்டவர்களில் பலர் தங்களுக்குக் கவலையில்லை என்று நினைக்கிறார்கள். பேட்டரி இல்லாமல் மின்வாரிய லைனோடு இணைத்த சோலார், லைனில் கரண்டு போன உடனே தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்பவர் உயிரைக் காக்கத்தான் அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். வெளியே கரண்டு இல்லாதபோதும் வேண்டுமென்றால் பேட்டரியோடு கூடிய ஹைப்ரிட் இன்வெர்ட்டர் வேண்டும். இரண்டாவது, ஜெனரேட்டர். மின்வாரிய லைனிலிருந்து வீட்டைப் பிரித்துவிடும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாமல் வீட்டு பிளக்கில் சொருகினால் அந்த 230 வோல்ட் வெளியே போய், தெரு டிரான்ஸ்ஃபார்மரில் பின்பக்கமாக ஏறி 11,000 வோல்ட்டாகும். லைன் செத்துக் கிடக்கிறது என்று நம்பிக் கைவைத்தவர் அங்கேயே போய்விடுவார். அதேபோல் ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ வராந்தாவிலோ ஓட்டாதீர்கள். டெக்சாஸில் குளிரில் தப்பித்த சிலர், எரிபொருள் எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவில் இறந்தார்கள். அதற்கு வாசனை கிடையாது.

இன்சுலின் போடுபவர்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் நின்றால் பதற வேண்டாம். இரண்டு மண்பானை, இடையில் ஈர மணல், உள்ளே காற்றுப்புகாத டப்பாவில் மருந்து. ஈரம் ஆவியாகும்போது பானையின் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். வறண்ட ஊரில் நன்றாகக் குளிரும், கடலோரப் புழுக்கத்தில் கொஞ்சம் குறைவுதான். உங்கள் மருந்து எத்தனை நாள் தாங்கும் என்று டாக்டரிடம் இப்போதே கேட்டு, டப்பாவின் மேலேயே எழுதிவையுங்கள்.

போன சித்திரையில் ஒரு சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு எங்கள் வீட்டு மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, மறுநாள் ஆறு மணிவரை ஏற்றக்கூடாது என்று முடிவு செய்தோம். பத்து மணிக்குச் சட்னி அரைக்க முடியவில்லை. அம்மிக்கல் தோட்டத்தில் மண்ணுக்குள் பாதி புதைந்திருந்தது. சாயங்காலம் நாலு மணிக்குத் தொட்டித் தண்ணீர் தீர்ந்தது. குடத்தை எடுத்துக்கொண்டு தெருமுனை அடிபம்புக்குப் போனேன். 1970களில் யுனிசெஃப் துணையோடு உருவாகி நாடு முழுக்க இறக்கிய இந்தியா மார்க் 2 வகை. 45 மீட்டர் ஆழத்திலிருந்தும் மனித பலத்தால் மட்டுமே தண்ணீர் எடுத்துவிடும். கைப்பிடி இருந்தது. அழுத்தினால் காற்றாடி மாதிரி லேசாக ஆடியது, தண்ணீர் வரவில்லை.

மறுவாரம் பழைய மெக்கானிக் ஒருவரைத் தேடிப்பிடித்துக் கூட்டிவந்தோம். ராடுகளை ஒவ்வொன்றாக மேலே எடுத்தார். அடியில் வாஷர் தேய்ந்து கந்தலாகியிருந்தது. மாற்றி முடிக்க அரை நாள் ஆனது. இப்போது ஒரு குடம் நிறைய ஐம்பது முறை அடிக்க வேண்டும். துருப்பிடித்துப் போகாமல் இருக்க, தெருவில் வாரம் ஒரு வீடு முறைபோட்டு அடிக்கிறோம்.