செண்டுடோக் களை அல்ல

சாலையோரச் சரிவுகளைப் பராமரிக்கும் வேலையில் நான் அடிக்கடி கேட்கும் கேள்வி, "அண்ணே, இந்தப் புதரையும் வெட்டிரலாமா?" என்பதுதான். தமிழ்நாட்டிலிருந்து வந்த தம்பிகள் கைகாட்டுவது பெரும்பாலும் செண்டுடோக்கை. ஆள் உயரம், ஊதாப் பூ, இலையில் காம்பு முதல் நுனிவரை நீளவாக்கில் ஓடும் நரம்புகள். யாரும் நடாமல் தானாக முளைத்து நிற்பதால் களை என்று எண்ணிவிடுகிறார்கள். "விட்டுருப்பா" என்றுதான் சொல்வேன்.

19ஆம் நூற்றாண்டில் இந்தச் சிங்கப்பூர்த் தீவின் காட்டை அழித்து கம்பியரும் (தோல் பதனிட உதவும் சாறு தரும் செடி) மிளகும் பயிரிட்டார்கள். கம்பியர் இலையைக் காய்ச்சவும் விறகு வேண்டும். அதற்கும் மரங்கள் போயின. மண்ணில் சத்து வற்றியதும் நிலத்தைக் கைவிட்டார்கள். அப்படிப்பட்ட அமில மண்ணில் அலுமினியம் கரைந்து பல செடிகளின் வேரைக் கெடுத்துவிடும். செண்டுடோக்கோ அதே அலுமினியத்தை உறிஞ்சி, இலையில் சேர்த்து வைத்துக்கொண்டு தழைக்கிறது. கென்ட் ரிட்ஜ் பூங்கா மேட்டில், இதேபோல் சத்தற்ற மண்ணைத் தாங்கும் தியூப் தியூப் மரங்கள் நிற்கும் பக்கம் போனால் இதை நேரில் பார்க்கலாம். வெட்டவெளியில் இதுபோன்ற செடிகள் முதலில் வேர்பிடித்து நிழல் கொடுத்தால்தான் மற்றவை பின்னால் வர முடியும்.

பூவைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். மகரந்தக் கேசரங்கள் இரண்டு வகை: நடுவே பளிச்சென்ற மஞ்சளில் சில, வளைந்து நீண்ட ஊதாவில் சில. இந்தப் பூவில் தேன் கிடையாது. கருத்த தச்சுத் தேனீ மஞ்சளைத் தேடி வந்து, அதைக் கவ்விக்கொண்டு உடம்பை அதிரவைக்கும். நுனியிலுள்ள சிறு துளை வழியே மகரந்தம் கொட்டும். அது மஞ்சளில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே ஊதாக் கேசரம் அதன் உடலில் மகரந்தத்தைப் பூசிவிடும். அந்த 'ர்ர்ர்' சத்தம் பக்கத்தில் நிற்பவர் காதுக்கே கேட்கும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி.

பழம் முற்றியதும் தாறுமாறாக வெடிக்கும். உள்ளே கருஊதாச் சதை, அதில் பொடிப்பொடியாக எண்ணற்ற விதைகள். கொண்டைக்குருவியும் பூக்கொத்தியும் தின்று, எச்சத்தோடு விதையை வேறிடம் சேர்க்கின்றன. மனிதர்களும் சாப்பிடலாம், நாக்கு ஊதாவாகிவிடும். ஆனால் நன்றாக அடையாளம் தெரியாத காட்டுப் பழம் எதையும் பிள்ளைகள் வாயில் வைக்க விடாதீர்கள்; உண்ணிச்செடியின் பச்சைக்காய் நஞ்சு.

உண்மையில் கவலைப்பட வேண்டியது இதன் சொந்தக்காரச் செடியான கிளிடேமியாவைப் பற்றித்தான். அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்தது. இலை நரம்பு அச்சாக இதைப்போலவே இருக்கும். ஆனால் பூ சிறியது, வெள்ளை. பழம் வெடிக்காத, ரோமம் அடர்ந்த கருநீல உருண்டை. நிழலையும் தாங்குவதால் காட்டுக்குள்ளேயே புகுந்துவிடுகிறது. அதன் விதையைப் பரப்புவதும் பறவைகள்தான். பூவும் காயும் இல்லாத நேரத்தில் அவசரமாக வெட்டினால், போக வேண்டியது நின்று, நிற்க வேண்டியது போய்விடும்.

அதனால் உங்கள் வட்டாரத்தில் சரிவைச் சுத்தம் செய்யச் சொல்லும்போது, பூத்திருக்கும் சமயமாகப் பார்த்துச் சொல்லுங்கள். செண்டுடோக்கில் சிவப்பு நாடா கட்டி வையுங்கள். நாங்கள் அப்படித்தான் செய்கிறோம். இயற்கை வனப்பகுதிக்குள் கிளிடேமியாவையே கண்டாலும் நீங்களாகப் பிடுங்கக்கூடாது, அனுமதி வேண்டும். படம் எடுத்துத் தேசியப் பூங்காக் கழகத்துக்கு அனுப்புங்கள்.