அவுட்ரிகர்: பேரு ஒண்ணு, சாமான் பல

அவுட்ரிகரை போட்ல எங்க மாட்டுறதுன்னு யாராவது கேட்டா, மொதல்ல எந்த அவுட்ரிகர்னு திருப்பி கேக்கணும். துடுப்புப் போட்டிப் படகுல துடுப்பை தாங்குறதுக்கு பக்கவாட்டுல நீட்டிட்டு இருக்குமே ஒரு சட்டம், அதுக்கும் அதான் பேரு (1846ல ஆக்ஸ்ஃபோர்டு கேம்பிரிட்ஜ் ரேஸ்லயே வந்தாச்சு). ரோட்டுல கிரேன் நிக்கும்போது நாலு பக்கமும் கால் விரிக்குதே, அதுவும் அவுட்ரிகர்தான். இதெல்லாம் நமக்கு வேண்டாம், மீன்பிடி படகுல வர்ற ரெண்டை மட்டும் பாப்போம், குழப்பமே அங்கதான்.

சொல்லு எங்கேருந்து வந்துச்சுன்னா, 15ஆம் நூற்றாண்டு கடைசியிலயே இங்கிலீஷ்ல 'அவுட்லிகர்'னு ஒண்ணு இருந்துச்சு, கப்பல்லேருந்து வெளிய நீட்டிட்டு இருக்குற மரம்னு அர்த்தம். டச்சு மொழியிலயும் இதே மாதிரி 'வெளியே கிடப்பது'ன்னு பொருள் வர்ற சொல் இருக்கு, ரெண்டும் ஒரே வேர்லேருந்து வந்துருக்கலாம்னு சொல்றாங்க. பாய்மரம் கயிறு இதையெல்லாம் கட்டுற வேலைக்கு 'ரிக்'னு பேரா, மாலுமிங்க வாயில அது கலந்து லிகர் ரிகர் ஆகி, 1748 வாக்குல இப்ப இருக்குற வடிவம் எழுத்துல வருது. ஆக சொல்லுக்குள்ள இருக்குறது 'வெளிய நீட்டுனது' அவ்ளோதான், எதுக்கு நீட்டுனதுன்னு அதுல இல்ல.

முதல் வகை, ஒடுக்கமான படகு கவுந்துடாம இருக்க பக்கத்துல கொஞ்சம் தள்ளி கட்டுற மிதப்புக் கட்டை. இலங்கையில சிங்கள மீனவங்களோட 'ஒருவ'ங்கிற படகு இதுக்கு நல்ல உதாரணம். கட்டை ஒரே பக்கம்தான் இருக்கும், அந்தப் பக்கம் எப்பவும் காத்து வர்ற பக்கமாவே இருக்கணும், அதனால படகுக்கு ரெண்டு முனையும் ஒரே மாதிரி செஞ்சு, திரும்ப வேண்டிய நேரத்துல பாயை அடுத்த முனைக்கு மாத்திட்டு முன்னது பின்னதா போவாங்க. காத்து பலமானா ஆளுங்க அந்தக் குறுக்குக் கழி மேல ஏறிப் போய் உக்காந்து பாரம் குடுப்பாங்க, 'ஓராள் காத்து, ரெண்டாள் காத்து'ன்னு காத்தையே ஆள் கணக்குல சொல்ற பழக்கம் இருந்துச்சு. ஹவாய்ல கட்டை இடது பக்கம், பிலிப்பைன்ஸ் பங்கா படகுல ரெண்டு பக்கமும். நம்ம பாக் நீரிணை பக்கம் வத்தைங்கிற படகுல மிதப்பே கிடையாது, காத்து வர்ற பக்கமா ஒரு நீளப் பலகையை வெளிய தள்ளி அது மேல ஆள் உக்காருவாங்க, வேலை ஒண்ணுதான் சாமான் வேற.

இன்னொண்ணு, இந்தப் படகையெல்லாம் பாத்தவுடனே கட்டுமரம்னு சொல்றது தப்பு. கட்டுமரம் மரத்தை சேத்துக் கட்டுனது. சோழமண்டலக் கரையில பாத்ததை டாம்பியர்ங்கிற இங்கிலீஷ் மாலுமி 1697ல எழுதிப் போய், அந்த சொல்லை வெள்ளைக்காரங்க எடுத்து கடைசியில ரெட்டை உடல் படகுக்கு வச்சுட்டாங்க, அது அவங்க பாடு.

ரெண்டாவது வகைதான் "எங்க மாட்டுறது"ன்னு தலைய பிச்சுக்க வைக்கிறது. ஃப்ளோரிடா மாதிரி இடத்துல மார்லின், டூனா மாதிரி பெரிய மீனுங்களைப் பிடிக்க போட்டை ஓட்டிக்கிட்டே தூண்டிலை பின்னாடி இழுத்துட்டுப் போவாங்க. ரெண்டு பக்கமும் நீளமான கம்பு விரியும், மொதல்ல மூங்கில், இப்ப அலுமினியம் இல்ல கார்பன் ஃபைபர். லைன் (தூண்டில் நூல்) கம்பு நுனிகிட்ட ஒரு கிளிப்ல மாட்டியிருக்கும். ப்ரொப்பல்லர் கிளப்புற வெள்ளை நுரைக்கு வெளிய, தெளிஞ்ச தண்ணில இரை போகும், லைனுங்க ஒண்ணோட ஒண்ணு சிக்காது. மீன் அடிச்சா கிளிப் விட்டுடும், லைன் கொஞ்ச நேரம் தளர்ந்து இரை அப்படியே பின்தங்கும், மார்லின் அதைத் திரும்பி வாய்ல வாங்க நேரம் கிடைக்கும்.

இதுல கவனிக்க வேண்டியது, மீனோட இழுவை கம்புக்கு வராது, கிளிப் விட்டுடுதே. கம்போட அடிப்பகுதி தாங்குறது அலையில போட் குதிக்கும்போது அந்த நீளக் கம்பு சொடுக்குற சொடுக்கை. அதனால மெல்லிசான ஃபைபர் கூரைல நாலு ஸ்க்ரூ போட்டு விட்டா சீக்கிரமே விரிசல் தான், அடியில தகடு குடுத்து போல்ட் போட்டு இறுக்கணும், இல்ல கூரையத் தாங்குற பைப்லயே பிடிக்கணும்.

இடம்னு பாத்தா ஒண்ணு பக்கச்சுவர் விளிம்பு, இன்னொண்ணு கூரை. விளிம்புல மாட்டுனா உறுதி, செலவும் கம்மி, ஆனா கம்பை சாய்க்க ஓரத்துக்குப் போய் நிக்கணும், அலை நேரத்துல அது நல்லதில்ல. கூரைல மாட்டுனா கீழ நின்னுக்கிட்டே கைப்பிடியச் சுத்தி விரிக்கலாம், லைனும் ஆளுங்க தலைக்கு மேல போகும், கையில காசு இருந்தா நான் கூரைதான் சொல்லுவேன். ரேடார், ஆண்டெனா மேல கம்பு இடிக்காம இருக்கானு மட்டும் பாத்துக்கணும். ரொம்ப அணியம் (முன்பக்கம்) பக்கம் தள்ளுனா கிளிப்பை இழுக்குற கயிறை எட்டிப் பிடிக்க நிக்கிற இடம் விட்டு நகரணும், ரொம்ப அமரம் (பின்பக்கம்) பக்கம் போனா மடிச்சு வைக்கும்போது கம்பு போட்டுக்கு பின்னாடி நீட்டி துறைல தூண்ல மோதும். பெரும்பாலும் ஸ்டீயரிங் இருக்குற நடுப்பகுதிய ஒட்டியே வரும். ஓட்டை போடுறதுக்கு முன்னாடி கம்பை ஒரு ஆளைப் பிடிக்க வச்சு, விரிச்ச நிலை மடிச்ச நிலை ரெண்டையும் பாத்துடுங்க.

சரி தமிழ்ல என்ன சொல்றது? சொல்லுக்கு சொல் 'வெளிநீட்டி'ன்னு போட்டா இங்கிலீஷ்ல இருக்குற அதே குழப்பத்தை காசு குடுத்து வாங்குன மாதிரி. ஹவாய்க்காரங்க மிதப்புக்கு 'ஆமா', அதைப் படகோட சேக்குற கழிக்கு 'இயாகோ'ன்னு தனித்தனியா வச்சுருக்காங்க, அதுதான் வழி. படகு கவுறாம காக்குறதுக்கு பக்கமிதவை, அதைப் பிடிக்கிற கட்டைக்கு குறுக்குக்கழி, தூண்டிலை அகலமா பரப்புறதுக்கு விரிகழி. இது என் விருப்பம், இதைவிட நல்லதா உங்க ஊரு கடற்கரைல வேற பேர் புழங்குனா அதையே வைங்க. ஆனா 'பக்கமிதவையை எந்தப் பக்கம் கட்டுறது'ன்னா காத்தைப் பாத்து பதில் சொல்லலாம், 'விரிகழியை எங்க மாட்டுறது'ன்னா கூரையப் பாத்து சொல்லலாம்.